அப்பாவுக்கு 78: மருந்து ஒன்றா, இரண்டா?

போன இதழில், "இப்போதெல்லாம் முதியவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கும் கூட்டு மருந்து வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என் தப்பு. அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான். தைராய்டு, மூட்டுவலிக்காரர்கள் ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 78. உடம்பில் அங்கங்கே நீலம் பாரித்தது. காட்டப் போன இடத்தில் ஏஎம்எல் என்கிற இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய கீமோவைத் தாங்க மாட்டார், அசாசிடிடின் ஊசியும் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். 'ஒரு மருந்தே ஜாஸ்தி, வயசானவரை வச்சு எதுக்கு ரெண்டு மருந்து சோதனை?' என்று சித்தப்பா சண்டை போடுகிறார். என்ன செய்ய?" – மகள், திண்டுக்கல்

சித்தப்பாவின் கோபம் நியாயமானதுதான், ஆனால் காலம் தப்பி வந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் மேல் யாரும் சோதனை செய்யவில்லை. சோதனை நடந்து முடிந்துவிட்டது. அவர் வயதுக்காரர்கள் 431 பேர் பல நாடுகளிலிருந்து அதில் சேர்ந்தார்கள். வியாலே-ஏ என்று அதற்குப் பெயர். முடிவு 2020 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது.

அதில் சேர ஒருவருக்கு 75 வயது ஆகியிருக்க வேண்டும். வயது குறைவாக இருந்தால் இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ பெரிய கீமோவைத் தாங்காத நிலையில் இருக்க வேண்டும். சேர்ந்தவர்களை வயதுப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 76. எல்லோருக்கும் அசாசிடிடின் ஊசி உண்டு, 28 நாளுக்கு ஒரு முறை 7 நாள். அதோடு மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 9.6 மாதம் தாண்டினார்கள். இரண்டும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 14.7 மாதம் தாண்டினார்கள். "அவ்வளவுதானா, ஐந்து மாசமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இது நடுக்கணக்கு. சிலர் இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள், சிலர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். நோய் அடங்கியவர்கள், அதாவது எலும்பு மஜ்ஜையில் கெட்ட செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள், ஊசிக் குழுவில் 100க்கு 28 பேர். கூட்டு மருந்துக் குழுவில் 66 பேர். நோய் அடங்கினால் இரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறையும். 78 வயதில் அதுவே பெரிய விஷயம்.

இப்போது சித்தப்பாவின் பக்கம். இரண்டாவது மருந்துக்கு விலை உண்டா என்றால் உண்டு. வெள்ளை அணு குறைந்த நேரத்தில் காய்ச்சல் வருவது ஊசிக் குழுவில் 100க்கு 19, கூட்டுக் குழுவில் 42. இரு மடங்குக்கும் மேல். ஆனால் நான் முதலில் தேடிப் பார்த்த எண் வேறு. சிகிச்சை தொடங்கி 30 நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு பக்கம் 7 சதவீதம், இன்னொரு பக்கம் 6. ஏறக்குறைய சமம். இரண்டாவது மருந்து முதல் மாதத்திலேயே முதியவர்களைச் சாய்த்துவிடும் என்பதுதான் மருத்துவர்கள் எங்கள் எல்லோருக்கும் இருந்த பயம். அது நடக்கவில்லை.

மாத்திரை என்ன செய்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பழுதான செல் தானாகச் செத்துப்போகும்படிதான் உடம்பு அமைந்திருக்கிறது. பிசிஎல்-2 என்கிற புரதம் அந்தச் சாவைத் தள்ளிப்போடும். அது இப்படி வேலை செய்வதை மெல்போர்னில் 1988இல் கண்டுபிடித்தார்கள். இரத்தப் புற்றுநோய்ச் செல்கள் பல இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலம் தள்ளுகின்றன. மாத்திரை அந்தப் பிடியை விடுவிக்கிறது. சில சமயம் செல்கள் ஒரேயடியாகச் செத்து, உள்ளிருக்கும் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டிவிடும். அதனால்தான் முதல் நாள் 100 மில்லிகிராம், இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் 400 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். அந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். "மாத்திரைதானே, வீட்டிலேயே தொடங்கலாமே" என்று அவசரப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சோதனையில் 75 தாண்டியவர்களில் ஓரளவு நடமாட்டம் உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் அதில் இல்லை. உங்கள் அப்பா வாசல் வரைக்காவது நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறாரா? அப்படியானால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தும். படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் இந்த எண்களை அவர் மேல் அப்படியே ஒட்டக் கூடாது.

"ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 71. இரத்தப் புற்றுநோய் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்கிறீர்கள். அப்படியிருக்க, இத்தனை வருஷமாக ஏன் எங்களை வைத்து ஆராய்ச்சி செய்யவில்லை?" – வாசகர், கும்பகோணம்

சார், எனக்கும் இது பல வருட மனக்குறை. அமெரிக்காவில் ஏஎம்எல் நோயாளிகளின் நடு வயது 70ஐ ஒட்டி இருக்கிறது. நம் ஊரில் நோயாளிகள் அதைவிட இளையவர்கள். 1970களில் உருவான "7+3" என்கிற பெரிய கீமோ, சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள், இன்றுவரை இளையவர்களுக்கான அடிப்படை. எழுபது தாண்டியவர்களில் பலருக்கு அந்தக் கீமோவே எமனாகும். அதனால் ஆராய்ச்சியில் வயது வரம்பு வைத்தார்கள். அறுபது தாண்டினால் வேண்டாம், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடினால் வேண்டாம், வேறு புற்றுநோய் வந்திருந்தால் வேண்டாம். கடைசியில் சோதனையில் மிஞ்சியவர்கள் நோய் அதிகம் வராத வயதுக்காரர்கள்.

வேறு மாதிரி நடந்ததையும் நான் நேரில் பார்த்தேன். 2000இல் வேல்ஸில் ஒரு சிறிய மாவட்ட ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். அப்போது கார்டிஃபிலிருந்து ஆலன் பர்னெட் என்கிற பேராசிரியரின் குழு ஏஎம்எல்14 என்று ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. பெரிய கீமோ தாங்காதவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு. ஒரு பக்கம் ஹைட்ராக்சியூரியா மாத்திரை. அது வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் சைட்டராபின் குறைந்த அளவில், 20 மில்லிகிராம், காலையும் மாலையும் தோலுக்கடியில் ஊசி, பத்து நாள். இளையவர்களுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது துளி.

ஒரு தம்பதி நினைவிருக்கிறது. அவருக்கு 80ஐ நெருங்கும் வயது, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நெஞ்செல்லாம் சளி. அவர் மனைவி ஊசி போடக் கற்றுக்கொண்டார். எங்கள் நர்ஸ் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னார். மூன்றாவது நாள் அந்தம்மாள் என்னிடம் வந்து, "பழம் வலிக்குதுன்னு சொல்லாது, இவர் சொல்றார்" என்றார். அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது. அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அந்தச் சோதனையின் முடிவு 2007இல் வந்தது. பங்கெடுத்தவர்கள் 217 பேர். நோய் முழுதாக அடங்கியது ஹைட்ராக்சியூரியா பக்கம் 100க்கு 1, ஊசிப் பக்கம் 18. ஊசிப் பக்கம் உயிரோடு இருந்த காலமும் கூடுதல். ஆனால் குரோமோசோம் கோளாறு மோசமாக இருந்தவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. பதினெட்டு என்பது சின்ன எண்தான். ஆனால் "வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்று சொன்ன இடத்தில் முதன்முறையாக ஒரு எண் வந்தது.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் என் அப்பாவுக்கே இந்த நோய் வந்தது. ஓவிய ஆசிரியர், வயது 77. அப்போது நான் ஊர் திரும்பிவிட்டேன். குறைந்த அளவு சைட்டராபின் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "இந்த வயசுக்கு எதுக்குமா?" என்றார் சிகிச்சை தந்த பெரிய மருத்துவர். ஏஎம்எல்14 முடிவு அப்போது அச்சாகவில்லை, என் கையில் வாதாட எண் இல்லை. ஹைட்ராக்சியூரியாவும் இரத்தமும் கொடுத்தோம். பத்து வாரம். ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்றால், 100க்கு 18 என்ற கணக்குதான் இன்றைக்கும் என் பதில். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

"ஒரு மருந்தைவிட இரண்டு நல்லது என்றால், மூன்று அதைவிட நல்லதாகத்தானே இருக்கும்? ஏன் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்?" – பொறியாளர், கோவை

பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி. சாம்பாரில் பெருங்காயம் நல்லது என்பதற்காக ஒரு கட்டியைப் போட்டுவிட முடியாதே.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் யோசனை புற்றுநோய்க்குக் காசநோயிலிருந்து வந்தது என்பார்கள். ஒரே மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், இரண்டு கொடுத்தால் அவ்வளவு எளிதில் தப்பாது. நம் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இரண்டு மருந்துகளைச் சேர்த்து வீட்டிலேயே கொடுத்து, சானடோரியத்தில் படுக்க வைப்பதற்கு இது குறைந்ததல்ல என்று உலகத்துக்கே காட்டியது. அமெரிக்காவில் பெதஸ்டாவில் ஃபிரெய்ரைக், ஃபிரெய் இருவரும் 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் எலும்பு மஜ்ஜை வேறு, எண்பது வயதுக்காரரின் மஜ்ஜை வேறு. குழந்தைக்கு நல்ல செல்கள் மூன்று வாரத்தில் மறுபடி முளைக்கும். முதியவருக்கு முளைக்கத் தாமதமாகும், சில சமயம் முளைக்கவே முளைக்காது. அந்த இடைவெளியில்தான் நிமோனியா வந்து ஆளைத் தூக்கும்.

பர்னெட் குழு ஏஎம்எல்14 முடிந்ததோடு நிற்கவில்லை. குறைந்த அளவு சைட்டராபினோடு வேறு என்ன சேர்த்தால் நல்லது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதற்கு "ஜெயிப்பவரைத் தேர்ந்தெடு" என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரே சமயத்தில் பல மருந்துகளைத் தனித்தனிக் குழுவில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஐம்பது பேர் வந்ததும் எட்டிப் பார்ப்பார்கள். தேறாத மருந்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆயிரம் பேரை வைத்துப் பத்து வருடம் காத்திருந்து தோற்பதைவிட இது யோக்கியமான வழி. காத்திருக்கிறவர்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லையே.

அதில் வந்த ஒரு முடிவை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இன்றுவரை என்னை யோசிக்க வைப்பது அதுதான். சைட்டராபினோடு ஜெம்டுசுமாப் என்கிற மருந்தைச் சேர்த்தார்கள். நோய் அடங்கியவர்கள் 100க்கு 17 என்பது 30 ஆனது. எல்லோரும் கைதட்ட வேண்டியதுதானே? ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களை எண்ணினார்கள். ஒரு பக்கம் 25 சதவீதம், இன்னொரு பக்கம் 27. வித்தியாசமே இல்லை. மஜ்ஜை சுத்தமாவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல என்று அந்தச் சோதனை சொன்னது. வயதானவர்களின் கூட்டு மருந்துச் செய்தி எது வந்தாலும், "எத்தனை பேருக்கு நோய் அடங்கியது" என்ற எண்ணோடு நிற்காமல், "எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்ற எண் எங்கே என்று தேடுங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது மருந்து. அசாசிடிடின், வெனிடோக்ளாக்ஸ் இரண்டோடும் மக்ரோலிமாப் என்பதைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. புற்றுநோய்ச் செல்கள் தங்கள் மேல் "என்னைத் தின்னாதே" என்று ஒரு போர்டு மாட்டிக்கொள்ளும். அந்தப் போர்டைக் கழற்றும் மருந்து இது. யோசனை அவ்வளவு அழகு. 2024 பிப்ரவரியில் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். பயன் இல்லாததோடு, மூன்றும் சேர்ந்த பக்கம் இறப்பு அபாயமும் கூடியிருந்தது.

இன்னொன்று. வெனிடோக்ளாக்ஸையே குறைந்த அளவு சைட்டராபினோடு சேர்த்துப் பார்த்த வியாலே-சி, முதல் கணக்கில் தேறவில்லை. கூட்டு மருந்துப் பக்கம் பாதிப் பேர் 7.2 மாதம் தாண்டினார்கள், சைட்டராபின் மட்டும் பக்கம் 4.1 மாதம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தற்செயலாக இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லிவிட்டது. இன்னும் ஆறு மாதம் காத்திருந்து பார்த்தபோதுதான் 8.4 மாதமாகக் கூடி நம்பிக்கை தந்தது. மாத்திரை அதேதான், கூட்டாளி மாறியதும் கதையும் மாறிவிட்டது.

எல்லாமே தோல்வி இல்லை. ஐடிஎச்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அசாசிடிடினோடு ஐவோசிடெனிப் மாத்திரை சேர்த்த ஏஜைல் சோதனையில், பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம் 7.9 மாதத்திலிருந்து 24 மாதமானது. 146 பேர்தான், முடிவு 2022இல் வந்தது. அந்த மாற்றம் இல்லாதவருக்கு இந்த மருந்தால் வேலையில்லை. அதனால்தான் இன்றைக்கு, எந்த மருந்து என்று முடிவு செய்வதற்கு முன்னால் மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள். "நோய் இருக்கு, ஒரு வாரம் சும்மா வச்சிருக்காங்க" என்று கோபப்படாதீர்கள். அமெரிக்காவில் அறுபது தாண்டியவர்களை வைத்து நடந்த பீட் ஏஎம்எல் என்ற ஆராய்ச்சி, பெரும்பாலானவர்கள் ஏழு நாள் பத்திரமாகக் காத்திருக்க முடியும் என்று காட்டியது. வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறியிருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு அந்த இடைவெளியில் பழைய ஹைட்ராக்சியூரியாவே கை கொடுக்கும்.

"அப்பாவுக்கு 74. தினமும் வயலுக்கு நடந்து போய் வருவார். மருத்துவச் சீட்டில் 'தகுதியற்றவர்' என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு மனசு உடைந்துவிட்டார்." – மகன், திருநெல்வேலி

அந்தச் சொல்லே ஒரு கொடுமை. பெரிய கீமோவுக்குத் தகுதியற்றவர் என்று பொருள், வாழ்வதற்கு அல்ல. உங்கள் அப்பாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆனால் கேள்வி முக்கியமானது. தளர்ச்சியை எதை வைத்து அளப்பது? பிறந்த தேதியை வைத்து அளப்பது சுலபம், அதனால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஹைடி க்ளெப்பின் என்ற மருத்துவர் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கும். பெரிய கீமோ எடுக்கப் போகும் அறுபது தாண்டிய 74 பேரைத் தொடங்கும் முன்பே சோதித்தார். விலை உயர்ந்த எந்திரம் எதுவும் இல்லை. ஒரு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். நாலு மீட்டர் நடக்கச் சொன்னார்கள். பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார்கள். ஞாபக சக்திக்குச் சில கேள்விகள். நடையிலும் நினைவிலும் தடுமாறியவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். அறை வாசலில் நின்று "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லும் எங்கள் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது.

அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: "எதனால் தகுதியில்லை என்று முடிவு செய்தீர்கள்? இதயமா, சிறுநீரகமா, வயது மட்டுமா?" வயது மட்டும்தான் என்றால் நடக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எக்கோவில் இதயத் துடிப்பு பலவீனம் என்றால் வயலுக்கு நடப்பதை வைத்து வாதாடாதீர்கள், அவர்கள் சொல்வது சரி.

இரத்தப் புற்றுநோயிலேயே மெதுவாக வளரும் சிஎல்எல் என்ற வகையில் ஜெர்மானியர்கள் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஓடுகிறவர், மெல்ல நடக்கிறவர், நடக்காதவர். பிறகு மெல்ல நடக்கிறவர்களுக்கென்றே சோதனை நடத்தினார்கள். அதில் ஒன்று சிஎல்எல்14, 432 பேர், 2019. பழைய குளோராம்புசிலுக்குப் பதில் வெனிடோக்ளாக்ஸ். இரண்டு பக்கமும் ஒபினுடுசுமாப் என்ற மருந்தும் உண்டு. ஒரு வருடத்தில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் 88 சதவீதம், பழைய மருந்துப் பக்கம் 64. எனக்குப் பிடித்தது எண்களைவிட அந்தப் பெயர்தான். "மெல்ல நடக்கிறவர்" என்று சீட்டில் எழுதினால் யார் மனசு உடையும்?

"மாமனாரை ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். டம்மி மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்களா?" – மருமகள், சேலம்

டம்மி என்றால் ஒன்றுமே கொடுக்காமல் விடுவது இல்லை. வியாலே-ஏயில் டம்மி பக்கம் இருந்தவர்களுக்கும் அன்றைக்கு இருந்த நல்ல மருந்து கிடைத்தது. ஆகவே கேட்க வேண்டியது, "டம்மி பக்கம் விழுந்தால் என்ன மருந்து கிடைக்கும்?" என்பதே. அதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் கையெழுத்து வேண்டாம்.

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைச் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2019இல் வந்த விதிகளின்படி சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாமனாருக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சோதனையோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்தாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இதை அவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள்.

"அம்மாவுக்கு 66. ஏபிஎல் என்ற வகையாம். 'ஆர்செனிக் கொடுத்தால் குணமாகும்' என்கிறார்கள். ஆர்செனிக் பாஷாணம் இல்லையா?" – மகள், ராணிப்பேட்டை

பாஷாணமேதான். ஆனால் முதியவர்களின் இரத்தப் புற்றுநோய்களில் நல்ல செய்தி சொல்ல எனக்கு வாய்ப்புக் கொடுக்கும் வகை இது ஒன்றுதான், அதனால் சந்தோஷமாக எழுதுகிறேன். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் 70 வயது வரை உள்ளவர்களை வைத்து நடந்து 2013இல் வந்த சோதனையில், ஏடிஆர்ஏ மாத்திரையும் ஆர்செனிக் டிரிப்பும் மட்டும் கொடுத்தார்கள், கீமோவே இல்லை. இரண்டு வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 97 சதவீதம். கீமோ சேர்த்த பக்கம் 86. கூட்டு மருந்து என்றால் கூட்டிக்கொண்டே போவது இல்லை, தேவையில்லாததைக் கழிப்பதும்தான். உங்கள் பக்கத்து ஊர் வேலூர் சிஎம்சியில் ஆர்செனிக் ஒன்றை மட்டும் கொடுத்து 72 பேரைக் கவனித்து 2006இலேயே எழுதியிருக்கிறார்கள். நோயாளிகள் கையில் காசு இல்லாத ஊரில் பிறந்த ஆராய்ச்சி அது.

முதல் சில வாரங்கள்தான் ஆபத்து. இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் இரண்டும் வரலாம். அதனால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், நாள் பார்க்க வேண்டாம். நாட்டு வைத்தியப் பாஷாண மருந்தைத் தனியாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. இதில் அளவையும் இசிஜியையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வெனிடோக்ளாக்ஸ் சாப்பிடும்போது பம்பளிமாஸ் சாப்பிடலாமா?" – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். அதன் உறவுக்காரரான கிரேப்ஃப்ரூட், அப்புறம் நட்சத்திரப் பழம், இவையெல்லாம் மருந்தை உடம்பு சிதைக்கவிடாமல் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படியே. அவை சேரும்போது மருத்துவரே 400ஐ 100க்கோ அதற்கும் கீழேயோ குறைப்பார். செலவும் குறையும். அதற்காக நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

"இரண்டு சுற்று முடிந்துவிட்டது. அம்மா 'போதும்டா, வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். நாங்கள் நிறுத்தலாமா?" – மகன், புதுச்சேரி

மஜ்ஜைப் பரிசோதனை முடிவு என்ன என்று எழுதவில்லையே. வியாலே-ஏயின் கூட்டுக் குழுவில் நோய் அடங்கியவர்களுக்கு அது பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்தது, நடுக்கணக்கில் 1.3 மாதம். ஆகவே இரண்டு சுற்றுக்குப் பிறகு முடிவு பார்ப்பது அர்த்தமுள்ள இடம். மஜ்ஜை சுத்தமாகி அணுக்கள் மட்டும் ஏறாமல் இருந்தால், அம்மாவின் சோர்வு மருந்தால் வந்தது. அதற்கு இடைவெளியை நீட்டலாம், மாத்திரை நாட்களைக் குறைக்கலாம், ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மஜ்ஜையில் மாற்றமே இல்லையென்றால் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிறுத்தினாலும் இரத்தம் ஏற்றுவது, வலிக்கும் மூச்சுக்கும் மருந்து, காய்ச்சலுக்கு என்ன செய்வது என்ற திட்டம், இவை தொடரும். தொடர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை மருத்துவர் அறைக்குள் போகும்போது அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். உள்ளே நாற்காலி ஒன்றுதான் இருந்தால் அது அவருக்கு.